காலுறையும் பட்டுக்கூடும்

வரலாற்றுத் தொடர் – 9

சென்ற பகுதியை 1929 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமையோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று 381 புள்ளியில் நின்ற டோ ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலையில் 41-க்கு வந்து சேர்ந்தது. அந்தச் சரிவு மைசூரை எந்த வழியாக எட்டியது என்று தேடினால், வங்கிப் பேரேடுகளைவிட மல்பெரித் தோட்டங்களில்தான் தடம் கிடைக்கிறது. ஆனால் ஏற்றம் யார் வீட்டுக்கு வந்தது என்று பார்க்காமல் இறக்கம் யாரை அடித்தது என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் அக்ரஹாரத்துக்குப் போவோம்.

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்தே போய்விடலாம். இன்று அக்ரஹாரா சர்க்கிள், ராமானுஜ சாலை என்று பேருந்துகள் நிற்கும் அந்தப் பகுதி, அரண்மனையை அண்டி வளர்ந்த பிராமணக் குடியிருப்பு. கன்னடம் பேசும் குடும்பங்களோடு, வீட்டுக்குள் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் மண்டயம், ஹெப்பார் ஐயங்கார் குடும்பங்களும் மைசூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1881-இல் பிரிட்டிஷார் ஆட்சியை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தபோது, திவானாக இருந்தவர் ரங்காசார்லு; அவருக்குப் பின் சேஷாத்ரி ஐயர். இருவருமே சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். அவர்களைத் தொடர்ந்து சென்னைப் பட்டதாரிகள் பலர் மைசூர்ச் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தார்கள். உள்ளூர் பிராமணர்களுக்கும் 'மெட்ராஸ்காரர்களுக்கும்' இடையே பல ஆண்டுகள் உரசல் இருந்தது. சண்டை முழுவதும் உத்தியோகத்தைப் பற்றியதுதான். உழவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் அந்தச் சண்டைக்குள்ளேயே வரவில்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் 1920-களைப் பற்றிப் பேசும்போது ஃபோர்டு கார், வானொலி, தவணை முறை, குட்டை முடி வெட்டிக்கொண்ட பெண்கள் என்று அடுக்குகிறோம். மைசூரின் ஏற்றம் அதற்குக் கொஞ்சம் முன்பே தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்க வயலுக்குப் போனது. மின்னாக்கிகளை அனுப்பியது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம். 1908-இல் மைசூர் நகரத்துக்கு விளக்கு வந்தது. பிளேக் பயத்தில் நெரிசலான தெருக்களை விரித்து, புதிய பேட்டைகளை அமைக்க 1903-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு ஏற்பட்டது. 1912-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சுவிட்சர்லாந்திலிருந்து தறிகளை வரவழைத்துப் பட்டு நெசவாலையைத் தொடங்கினார். 1913-இல் மைசூர் வங்கி, 1916-இல் பல்கலைக்கழகம். உலகப் போரினால் சந்தனக் கட்டையை ஜெர்மனிக்கு அனுப்ப வழியில்லாமல் போகவே, எண்ணெயை இங்கேயே வடிக்கும் ஆலைகள் பெங்களூரிலும் மைசூரிலும் வந்தன.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் குமாஸ்தா வேண்டும், ஓவர்சீயர் வேண்டும், கணக்கர் வேண்டும், ஆங்கிலத்தில் குறிப்பெழுதத் தெரிந்த ஆள் வேண்டும். கிருஷ்ணராஜ சாகர அணையும் ஆலைகளும் கட்டியவர்கள் பலதரப்பட்டவர்கள். ஆனால் மாதச் சம்பளம் சேர்ந்த இடங்களில் முதன்மையானது அக்ரஹாரம். திண்ணைப் பாடமும் புரோகிதமும் பிழைப்பாக இருந்த வீட்டில் மகன் பி.ஏ. படித்துச் செக்ரடேரியட்டில் சேர்ந்தான். காலையில் நீராகாரம் குடித்த வீட்டில் காபி வந்தது. அம்பிள் நரசிம்ம ஐயங்கார் 1881-இல் தொடங்கிய மகாராணி பெண்கள் பள்ளியைப் பார்த்து முதலில் முணுமுணுத்த பெரியவர்களே, பேத்திகளை அங்கே அனுப்பினார்கள். பெண் படித்தவளா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கத் தொடங்கியதும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-இல். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு அது 1921-இல் கிடைத்தது. இந்த அருகாமையை நம் பாடப்புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

இந்த ஏற்றத்தின் நடுவில்தான் மைசூரின் பெரிய சமூக மாற்றம் வந்தது. மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத ஒரு சாதி, மேல்நிலை உத்தியோகங்களில் பெரும்பகுதியை வைத்திருந்தது. பிற சமூகத்தாரின் முறையீட்டைக் கேட்ட மகாராஜா, 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். தகுதி குறையும் என்று கருதிய திவான் விசுவேசுவரய்யா பதவியை விட்டு விலகினார். குழு 1919-இல் அறிக்கை தந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் மேல்நிலைப் பணிகளில் பாதியும் கீழ்நிலைப் பணிகளில் மூன்றில் இரண்டும் பிற்பட்ட சமூகங்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். 1921-இல் அது சர்க்கார் உத்தரவாயிற்று. விசுவேசுவரய்யாவின் மேதைமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இந்த ஒன்றில் மகாராஜாதான் சரி. மைசூரின் மின்சாரமும் அணையும் எல்லோருடைய வரிப்பணத்தில் எழுந்தவை. அவற்றால் உண்டான நாற்காலிகளில் ஒரே தெருவின் பிள்ளைகள் உட்கார்ந்தால், ஏற்றம் என்ற பேச்சுக்கே பொருளில்லை.

இறக்கத்தின் முதல் சாடை பத்ராவதியில் தெரிந்தது. காட்டு மரத்தைக் கரியாக்கி இரும்பு உருக்கலாம், அந்தக் கரி இரும்புக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கும், மரத்திலிருந்து வடியும் சாராயத்தையும் சுண்ணாம்பு அசிட்டேட்டையும் விற்கலாம் என்பது திட்டம். நியூயார்க்கின் பெரின் அண்ட் மார்ஷல் பொறியாளர்களின் ஆலோசனையும் அதற்குக் கிடைத்தது. போர்க்கால விலையை நம்பிப் போட்ட கணக்கு அது. 1923 ஜனவரியில் உலையைப் பற்றவைத்தபோது இரும்பு விலை விழுந்துவிட்டிருந்தது. அதே 1923-இல் ஜெர்மனியில் மெத்தனாலைச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மரச் சாராயத்தின் சந்தையும் சுருங்கியது. விலகிப் போயிருந்த விசுவேசுவரய்யாவையே மகாராஜா திரும்ப அழைத்து ஆலையை ஒப்படைத்தார். 1929 வரை அவர் அதன் தலைவராக இருந்து இழுத்துப் பிடித்து நிறுத்தினார். பத்ராவதி பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், பின்னால் சர்க்கார் நின்றது. பட்டுக்கூடு வளர்த்தவனுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை.

1920-களின் அமெரிக்காவில் பாவாடை விளிம்பு முழங்காலுக்கு ஏறியது. கால் தெரிந்ததும் காலுறை கண்ணில் படும் பொருளாகிவிட்டது. முன்பு பணக்கார வீட்டில் மட்டும் இருந்த பட்டுக் காலுறையைக் கடைப்பெண்ணும் தட்டச்சுக்காரியும் வாங்கினார்கள். மெல்லிய காலுறை சீக்கிரம் கிழியும். கிழிந்ததும் இன்னொன்று வாங்க வேண்டும். அந்தப் பட்டு ஜப்பானிலிருந்து வந்தது. ஜப்பான் ஏற்றுமதி செய்த கச்சாப் பட்டில் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவுக்குப் போனது. ஜப்பானில் ஐந்து உழவர் குடும்பங்களில் இரண்டு பட்டுப்பூச்சி வளர்த்தன. உலகப் பட்டு விலையை அந்தக் காலுறைகள்தான் தாங்கி நின்றன. அந்த விலையின் நிழலில் மைசூரும் பிழைத்தது. திப்பு சுல்தான் காலத்தில் வேரூன்றிய தொழிலுக்கு, ஜாம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் ஜப்பானிய முறைப் பட்டுப் பண்ணை வைத்துக் கொடுத்த தூண்டுதலும், இத்தாலியிலிருந்து வந்த நிபுணர் வாஷிங்டன் மாரியின் யோசனையும், நவரத்ன ராமராவ் நடத்திய பட்டு வளர்ப்புத் துறையும் தெம்பு கொடுத்திருந்தன. சென்னப்பட்டணம், கனகபுரா, திருமகூடல் நரசீபுரம், சித்லகட்டா என்று பல வட்டாரங்களில் ராகிக் கொல்லைக்குப் பக்கத்தில் மல்பெரி நின்றது. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்த கொள்ளேகாலத்திலும் அதே காட்சி.

பட்டுப்பூச்சி வளர்க்கும் வீட்டைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விலை விழுந்தது என்ற செய்தியின் கனம் தெரியாது. பொரித்த புழு எறும்பளவு இருக்கும். தளிர் இலையைப் பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். நாலு முறை தோலுரித்து வளர வளர, இலையின் அளவும் கூடிக்கொண்டே போகும். கடைசி வாரத்தில் இரவிலும் எழுந்து இலை போட வேண்டும். தட்டு தட்டாகப் புழுக்கள் மேயும் சத்தம் கூரையில் மழை பெய்வதுபோல் கேட்கும். வீட்டின் நல்ல இடம் புழுவுக்கு. ஆட்கள் திண்ணையில் படுப்பார்கள். எறும்பு, ஈரம், புகை எதுவும் அண்டக்கூடாது. பெண்களும் பிள்ளைகளும்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்தார்கள். ஏறத்தாழ நான்கு வாரத்தில் புழுவின் உடம்பு கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அப்போது அதைப் பொறுக்கி, மூங்கிலில் சுழி சுழியாகப் பின்னிய சந்திரிகையில் விட்டால், இரண்டு மூன்று நாளில் பச்சை கலந்த மஞ்சளில் கூடு கட்டி முடித்துவிடும். அந்தக் கூட்டை ஒரு பத்து நாளுக்குள் விற்றாக வேண்டும். தாமதித்தால் உள்ளேயிருக்கும் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வரும், நூல் அறுந்துபோகும். நெல்லைக் குதிரில் கொட்டி நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். கூட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. நூற்பவன் சொன்ன விலைதான் விலை.

நியூயார்க்கில் பங்குகள் விழுந்த அடுத்த ஆண்டே பட்டு விலை குலைந்தது. 1929-இல் ராத்தலுக்கு ஏறத்தாழ ஐந்து டாலர் விற்ற கச்சாப் பட்டு, 1934-இல் ஒன்றேகால், ஒன்றரை டாலருக்கு இறங்கிவிட்டது. வேலை போன வீட்டில் முதலில் நின்றது காலுறை. ஜப்பானில் பட்டு மூட்டைகள் குவிந்தன. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க அளவையைக் கைவிட, யென் மதிப்பு சரிந்தது. ஜப்பான் பட்டும் பட்டுத்துணியும் இந்தியச் சந்தையில் இன்னும் மலிவாயின. சீனப் பட்டும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. போதாதற்கு ரேயான் என்ற செயற்கைப் பட்டு. அமெரிக்கத் தட்டச்சுக்காரி வாங்காமல் விட்ட பட்டு, கடல் சுற்றி வந்து சென்னப்பட்டணத்துப் பெண்ணின் நான்கு வார உழைப்புக்கு விலை வைத்தது. பலர் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மறுபடி ராகி விதைத்தார்கள். ராகிக்கும் விலை இல்லை. இந்தியா முழுவதும் விளைபொருள் விலை 1929-க்கும் 1933-க்கும் இடையில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. கடன் மட்டும் இறங்கவில்லை. நூறு ரூபாய்க் கடனை அடைக்க முன்பு விற்ற தானியத்தைப்போல் இரண்டு பங்கு விற்க வேண்டியிருந்தது.

அக்ரஹாரத்தில் அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? இங்கேதான் நம் பொதுவான நினைப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மந்தம் என்றால் எல்லோரும் ஏழையானார்கள் என்று எண்ணுகிறோம். உத்தியோகம் கையில் இருந்தவருக்கு அது மலிவான காலம். இந்திய சர்க்கார் 1931-இல் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டியது உண்மை. ஆனால் அரிசியும் பருப்பும் பாதி விலைக்கு வந்தபோது, வெட்டிய சம்பளம்கூட முன்பைவிட அதிகம் வாங்கியது. பென்ஷன்காரர் வீட்டில் நவராத்திரிக் கொலு குறைவில்லாமல் நடந்திருக்கும். சந்தைக்கு வந்த காய்கறிக்காரியிடம் பேரம் பேசி இன்னும் இரண்டு கத்தரிக்காய் போடச் சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு கத்தரிக்காய் யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று யோசிக்கும் வழக்கம் அன்று இல்லை. இன்றும் நமக்கு அது பழகவில்லை.

அக்ரஹாரத்தைத் தாக்கியது வேறொன்று. அப்பாவுக்கு உத்தியோகம் இருந்தது, மகனுக்குக் கிடைக்கவில்லை. 1920-களில் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. 1930-களில் புதிய நியமனங்கள் சுருங்கின. 'எல்லாம் மில்லர் கமிட்டியால் வந்த வினை' என்ற பேச்சு வீடுகளில் ஓடியது. அது பாதி உண்மைகூட இல்லை. ஒதுக்கீடே இல்லாத ஐக்கிய மாகாணத்தில்கூடப் படித்தவர்களின் வேலையின்மையை ஆராய 1934-இல் தேஜ் பகதூர் சப்ரூ தலைமையில் குழு போட வேண்டியிருந்தது. வேலை என்ற பண்டமே சுருங்கியபோது, பங்கு கேட்டு வந்தவன்மேல் பழி விழுந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பினத் தொழிலாளிகள் கடைசியாகச் சேர்க்கப்பட்டு முதலில் விலக்கப்பட்டார்கள். இருந்தும் வெள்ளையரின் வேலையைப் பறித்தவர்கள் என்று அவர்களைத்தான் ஏசினார்கள்.

மைசூரில் வேலை தேடி அலைந்த பட்டதாரிகளில் ஒருவரை உலகமே அறியும். ஆர்.கே. நாராயண் மகாராஜா கல்லூரியில் 1930-இல் பி.ஏ. முடித்தார். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்குச் சென்னப்பட்டணத்தில், ஆம், அதே பட்டு ஊரில், ஒரு சர்க்கார் பள்ளி வேலை கிடைத்தது, பிடிக்காமல் திரும்பிவிட்டார். பிறகு சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராகத் தெருத்தெருவாகச் செய்தி சேகரித்தார். பிராமணரல்லாதார் கட்சியின் பத்திரிகைக்குத் தமிழ் பிராமண இளைஞர் ஒருவர் செய்தி எழுதிப் பிழைத்தார் என்பதில் அந்தக் காலத்து மைசூர் முழுவதும் இருக்கிறது. 1935-இல் லண்டனில் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' அந்த வேலையில்லா ஆண்டுகளின் விளைச்சல். அதே 1935-இல் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலிருந்து ஒரு வானொலி நிலையத்தை நடத்தத் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தார். 1930-இலேயே அமெரிக்க வீடுகளில் பத்தில் நான்கில் வானொலி இருந்தது. மைசூருக்கு அது மந்தத்தின் நடுவில் வந்தது.

தங்கத்தின் கதை தனி. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க அளவையிலிருந்து விலகியது. ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்க, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. விளைச்சலுக்கு விலையில்லாத உழவன் வீட்டில் விற்கக்கூடிய பண்டம் அது ஒன்றுதான். தோடு, கம்மல், அட்டிகை, கடைசியில் தாலிக் குண்டு வரை ஆசாரியின் உலைக்கும் மார்வாடியின் தராசுக்கும் போயின. அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து லண்டன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 300 கோடி ரூபாய்க்கு மேல் தங்கம் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. ஏற்ற விலை கண்டு லாபத்துக்கு விற்றவர்களும் உண்டு. பஞ்சத்துக்கு விற்றவர்கள் திருப்பி வாங்கவே இல்லை. இந்த வரலாற்றை எழுதும்போது என் கை தயங்குகிற இடம் இது. நவரத்ன ராமராவ் கன்னடத்தில் நினைவுகளை எழுதிவைத்தார். திவான்களுக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. கம்மலைக் கழற்றிக் கொடுத்த பெண்ணுக்கு அடகுச் சீட்டு மட்டும் இருந்தது, அதையும் கரையான் தின்றிருக்கும்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1926 முதல் திவானாக இருந்த மிர்சா இஸ்மாயில், கிருஷ்ணராஜ சாகர அணையின் நீரைக் கால்வாய் வழியாக மண்டியா மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார். 1932-இல் இந்திய சர்க்கார் சர்க்கரைக்குக் காப்பு வரி போட, மண்டியாவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி எழுந்து 1934-இல் கரும்பு அரைத்தது. ராகி விளைந்த மண்ணில் கரும்பு. உழவன் கையில் ரொக்கம். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1933-இல் கொண்டுவந்த வேளாண் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பருத்தியை உழுது அழிக்க நிலக்காரருக்குப் பணம் கொடுத்தார்கள்; வாரத்துக்கு உழுத கறுப்பின, ஏழை வெள்ளைக் குடும்பங்களை நிலக்காரர் வெளியேற்றினர். மண்டியாவில் நிலமும் நீரும் சேர்ந்திருந்தவன் எழுந்தான். கால்வாய் போகாத கிராமத்தில், நிலமில்லாத ஆதி கர்நாடகச் சேரியில், எதுவும் எழவில்லை.

பட்டுக்கும் முறையீடு போனது. 1933-இல் சுங்க வாரியம் பட்டு வளர்ப்புத் தொழிலை விசாரித்தது. 1934-இல் வெளிநாட்டுப் பட்டின்மேல் காப்பு வரி உயர்ந்தது. இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும். காஞ்சிபுரத்திலும் கும்பகோணத்திலும் ஆரணியிலும் தறியில் ஏறிய பட்டில் ஒரு பகுதி மைசூரிலிருந்தும் கொள்ளேகாலத்திலிருந்தும் வந்தது, இன்னொரு பகுதி சீனத்திலிருந்து. வரி உயர்ந்தால் கூடு வளர்ப்பவன் பிழைப்பான். நூல் வாங்கும் நெசவாளிக்குக் கூலி மிஞ்சாது. வரி இல்லாவிட்டால் நேர்மாறு. இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு யாரைக் காப்பது என்று கேட்பதுதான் மந்தம் செய்த கொடுமைகளில் பெரியது என்று நினைக்கிறேன். உயர்ந்த வரியும் போதவில்லை. யென் இறங்கிய அளவுக்கு வரி ஏறவில்லை என்று வளர்ப்பவர்கள் மறுபடி மறுபடி மனுப் போட்டார்கள்.

1939-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலான் காலுறையைக் காட்சிக்கு வைத்தது. 1941 ஜூலையில் ரூஸ்வெல்ட் ஜப்பானின் சொத்துகளை முடக்க, ஜப்பான் பட்டு அமெரிக்காவுக்குப் போவது நின்றது. சில மாதங்களில் ஜப்பான் போரில் இறங்கியது. பாராசூட் தைக்கப் பட்டு வேண்டும் என்று இந்திய சர்க்கார் மைசூரிலும் கொள்ளேகாலத்திலும் கேட்டு வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் மல்பெரியைப் பிடுங்கிய கொல்லைகளில் மறுபடி குச்சி நட்டார்கள். அந்தப் போர்க்கால விலை யார் கைக்குப் போனது, கூடு வளர்த்தவருக்கு எவ்வளவு எட்டியது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.